இடது பக்கம் ஒழுகுது

"மறுபடியும் ஒழுகுதுய்யா! சீட்டெல்லாம் நனைஞ்சு நாறுது. இதுதான் நீங்க வேலை பார்க்கிற லட்சணமா?"

மெக்கானிக் ஷெட் வாசலில் இறங்கும்போதே ஜீப்காரர் கத்தினார். உள்ளே, இடது பக்க சீட்டில், அவருடைய அப்பா மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு, எதிரே இருந்த சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சத்தம் கேட்டு முதலாளி வெளியே ஓடிவந்தார். வந்த வேகத்தில் அவர் முறைத்தது ஜீப்பை அல்ல, மெக்கானிக்கை.

ஷெட்டில் அவனுக்கு 'வாயாடி' என்று பேர். எதிர்த்துப் பேசிப் பேசியே, வேலை செய்த ஷெட்டையெல்லாம் பகைத்துக்கொண்டவன். இதையும் விட்டால் இந்த ஊரில் அவன் கையில் ஸ்பானரைக் கொடுக்க ஆள் கிடையாது. வீட்டில் கைக்குழந்தை வேறு.

கோடையில் காற்று வாங்க ஜீப்காரர் கழற்றி வைத்திருந்த கூரை அது. முன்சீட்டுகளுக்கு மேலே மட்டும், இடதும் வலதுமாக இரண்டு மூடி. மழை ஆரம்பித்ததும் மாட்டித் தரச் சொன்னார். மாட்டியவன் வாயாடி. அன்று பிடித்தது சனி. ஒரு தூறல் போட்டால் போதும், ஜீப் வாசலில் வந்து நின்றுவிடும்.

"சார், போன தடவை புது ரப்பரே போட்டேன். இடது மூடியை முதல்ல உக்கார வெச்சு, அதோட விளிம்பு மேல வலது மூடியை ஏத்தி, அப்புறம்தான் கொக்கியை இறுக்கினேன். முன்னே பின்னே மாத்தி மாட்டினாத்தான் நடுவுல ஒழுகும். நான் மாத்தலை சார்."

"அப்ப எங்கப்பா பொய் சொல்றாரா?"

வாயாடி கூரையை அண்ணாந்து பார்த்தான். ஜீப்காரர் விடவில்லை.

"என் சீட்டு காய்ஞ்சு கிடக்கு. அவர் சீட்டு மட்டும் தொப்பலா நனையுது. வயசானவரை ஈரத்துல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன், பார்க்கிறவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்? நாத்தம் தாங்காம வண்டி பூரா செண்ட் அடிச்சு வெச்சிருக்கேன்."

"ஸ்பாஞ்சு ஊறினா நாறத்தான் சார் செய்யும். கோவப்படாதீங்க, இப்பவே பார்த்துடறோம்" என்று முதலாளி குழைந்தார்.

வாயாடி ஜன்னலருகே குனிந்தான். "எங்க ஒழுகுதுங்க, பெரியவரே?"

பெரியவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. விரலை மட்டும் தூக்கி, இரண்டு மூடியும் சேரும் இடத்தைக் காட்டினார். "அங்கதான்ப்பா... சொட்டு சொட்டா."

முழங்கால் வலி என்று அவர் இறங்க மறுத்துவிட்டதால், அவர் தலைக்கு மேலேயே மூடிகளைக் கழற்ற வேண்டியதாயிற்று. வாயாடி ரப்பரை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். மண் இல்லை, மடிப்பு இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. துடைத்துப் பவுடர் போட்டு, முதலில் இடது, பிறகு வலது என்று மறுபடியும் உட்கார வைத்தான். கொஞ்சினால் ரப்பர் இன்னும் நன்றாக ஒட்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சியும் இருப்பான். அவ்வளவு பயம்.

முதலாளி ஹோஸ் பைப்பைக் கையில் எடுத்தார். "நீ உள்ளே போய் உக்காரு. கண்ணாடியை ஏத்திக்க. நான் மேலே தண்ணி அடிக்கிறேன். ஒரு சொட்டு ஒழுகினாலும் அப்படியே வீட்டுக்குப் போயிடு. இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூட படுக்கக் கூடாது."

"அப்பா, நீங்க இறங்கிடுங்களேன்" என்றார் ஜீப்காரர்.

"வேணாம்ப்பா. நான் இருக்கேன். அந்தத் தம்பிக்கு இடத்தைக் காட்டணும்ல?"

வாயாடி ஸ்டீயரிங் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினான். கூரைமேல் தண்ணீர் தடதடவென்று கொட்டியது. கண்ணாடியில் வழிந்த தண்ணீரில் உள்ளே இருந்தவர்கள் வெளியே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

முதலாளி குழாயை மூடிய பிறகும் கதவு திறக்கவில்லை. அவர் தட்டிய பிறகுதான் வாயாடி இறங்கினான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னய்யா ஆச்சு?"

"ஒழுகுது சார்."

"என்னது?"

"ஒழுகுது. நான்தான் மூடியை மாத்தி மாட்டிட்டேன் போல. மன்னிச்சுக்குங்க."

"பார்த்தீங்களா!" ஜீப்காரர் துள்ளினார். "இவ்வளவு நேரம் எங்கப்பாவைப் பொய்யராக்கப் பார்த்தான்!"

முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். நாளைக்கு வராதே என்றார், நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா என்றார். எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவன், குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கப்போகிறவளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? இனி எந்த வாசலில் ஏறி வேலை கேட்பது? ஒன்றுக்கும் வழி தெரியவில்லை.

முதலாளி ஜீப்காரரைச் சமாதானப்படுத்தி டீ குடிக்க அழைத்துப் போனார். வாயாடி ஒரு காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இடது பக்கக் கதவைத் திறந்தான். பெரியவரை மெல்லத் தூக்கி நகர்த்தி, சீட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தான். மேலே கூரையின் உட்பக்கம் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது.

பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அடக்க முடியலப்பா... தெரிஞ்சா என்னை எங்கயாவது கொண்டுபோய்த் தள்ளிடுவான். மழைக்காலம் முடிஞ்சா அவன்கிட்ட நான் என்னத்தைச் சொல்லுவேன்?"