ஒய் எங்கே போச்சு?

"நீங்க சிகரெட்டை விட்டாத்தான் எனக்குக் கல்யாணம்! இல்லேன்னா இந்த வீட்டுலயே கிழவியாகிக் கிடக்கிறேன்!"

மகள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் இரண்டும் தாமாகத் திறந்துகொண்டன. பக்கத்து மாடியில் ஒருத்தி காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டாள்.

தையல்காரர் தையல் மெஷினை விட்டுத் தலை நிமிரவில்லை. "நீ சந்தோஷமாக் கிளம்பும்மா. நான் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடறேன்."

"அம்மா போனதுலேர்ந்து இதே பாட்டுதான்! சாயங்காலமானா 'ஒரு தம் போட்டுட்டு வரேன்'னு மூலைக் கடைக்குப் போறது, இருட்டினப்புறம் வர்றது. சட்டை பூரா நாத்தம். அந்தக் கடையை இழுத்து மூட வைக்கிறேனா இல்லையா, பாருங்க!"

"ஐயையோ, கடை என்னம்மா பண்ணிச்சு?" அதற்கு மட்டும் பதறினார்.

அப்போதுதான் உள்ளே வந்தார் மாப்பிள்ளை. நிச்சயமாகிக் காத்திருந்தே பாதி வழுக்கை விழுந்தவர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"மாமா, போன வாரம் உங்க ரத்தம் எடுத்தேனே, பார்த்தாச்சு."

"நல்லா பயப்படற மாதிரி சொல்லுங்க!" என்று மகள் எடுத்துக் கொடுத்தாள்.

"சிகரெட் பிடிக்கிற ஆம்பளைங்க ரத்தத்துல பல செல்லு ஒய் குரோமோசோமைத் தொலைச்சிடும், மாமா. ஆம்பளைங்களுக்கு மட்டுமே இருக்கிறது அது. நிறையத் தொலைஞ்சா கேன்சர் பயமும் கூடும்."

"ஓயா? மாமனாரை யாராவது ஓய்னு கூப்பிடுவாங்களா?"

"அப்பா, பேச்சை மாத்தாதீங்க! எவ்வளவு போயிருக்கு? நீங்க சொல்லுங்க."

மாப்பிள்ளை வழுக்கையைத் தடவினார். "அதான் குழப்பம். ஒண்ணும் போகலை. சிகரெட்டை விட்டவங்களுக்கு இது மெல்லச் சரியாகும். சந்தேகப்பட்டு நிகோட்டினையும் பார்த்தேன். பக்கத்துல எவனோ ஊதினதை மோந்த அளவுதான் இருக்கு. மாமா விட்டு வருஷக்கணக்கா ஆயிருக்கும்."

மெஷின் நின்றது. எதிர்வீட்டில் டி.வி. சத்தத்தை யாரோ குறைத்தார்கள்.

"அப்பா... அப்போ எதுக்கு இந்த நாடகம்?" மகளின் குரல் உடைந்தது. "நீங்க விட்டா நான் போயிடுவேன்னுதானே? என்னைப் பிரிய மனசில்லாமத்தானே?"

தையல்காரர் மகளைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னலையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அளவெடுத்தது போல் ஒரே ஒரு தலையாட்டல்.

மகள் கட்டிக்கொண்டு அழுதாள். ஜன்னல்களிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அடுத்த மாதமே கல்யாணம். மகள் புருஷனோடு வேறு ஊருக்குக் குடிபோனாள். "தனியா என்னப்பா பண்ணுவீங்க, கூட வந்துடுங்க" என்று எவ்வளவு கெஞ்சியும் தையல்காரர் இடத்தை விட்டு அசையவில்லை.

தனியாகவும் இருக்கவில்லை. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் சிகரெட் விற்று, அவருக்கு மட்டும் ஒன்றுகூடத் தராத மூலைக் கடைக்காரம்மா, அவரையே கல்யாணம் செய்துகொண்டு பெட்டி படுக்கையோடு குடிவந்தாள். மறுநாள் கடையில் ஒரு பலகை தொங்கியது: 'வாங்கியதும் நகரவும். இங்கே நின்று புகைக்கக் கூடாது. என் வீட்டுக்காரருக்கு ஆகாது.'