வெந்தய டப்பாவில் மூன்று ரோட்டர்கள்

வாசலில் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஆகியிருக்கக் கூடாது.

அவள் அடுப்பை அணைத்தாள். மேல் தட்டிலிருந்து வெந்தய டப்பாவை இறக்கி, விரலை விட்டுத் துழாவினாள்.

மூன்று ரோட்டர்களும் இருந்தன.

கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பித்தளைத் தகடு. இது இல்லாவிட்டால் இன்ஜினுக்குப் பொறி போகாது. சாவியைத் திருகினால் இருமும், அவ்வளவுதான்.

வெளியே அது இருமவில்லை. நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

ரோட்டரைக் கழற்றக் கற்றுக்கொடுத்ததே அவள் வீட்டுக்காரர்தான். எண்பத்தாறாம் வருஷத்துக் கான்டசா கார். கண் வைக்காத ஆள் கிடையாது. பழநிக்குப் போனாலும் ஊட்டிக்குப் போனாலும், நிறுத்திய இடத்தில் பானெட்டைத் திறப்பார். ரோட்டரை உருவி அவள் கைப்பையில் போடுவார். திருடன் கதவைத் திறக்கலாம், காரை நகர்த்த முடியாது.

இப்போது திருடுகிறவள் அவள்.

பங்குனியில் அவிநாசி ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தபோதே அவருக்குக் கண் இருண்டுவிட்டது. கார் நடுத்திட்டில் ஏறி நின்றது. பக்கத்தில் வந்த ஸ்கூட்டர் மயிரிழையில் தப்பியது. அதன் பின்சீட்டில் ஒரு பெண், மடியில் குழந்தை.

அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அவளால் அதை மறக்க முடியவில்லை.

இனி ஓட்டவே கூடாது என்றார் டாக்டர். அவரும் சரிங்க என்று தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சாவியைக் கேட்டுப் பார்த்தாள். அவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. சாவியைக் கொடுப்பதும் கையை வெட்டிக் கொடுப்பதும் அந்த மனுஷருக்கு ஒன்றுதான்.

அதனால் ரோட்டர் வெந்தயத்துக்குள் போனது. வெந்தயக் குழம்பை அவர் தொடமாட்டார்.

மறுநாள் பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"எலி தூக்கீட்டுப் போயிருச்சு" என்றார்.

"இருக்குமுங்க" என்றாள். "ஆட்டோவ வரச் சொல்லட்டுங்களா?"

அவர் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். அதையும் எலி தூக்கியது. இன்னொன்றும் போனது. மருந்து வைக்கலாமா என்று அவரும் சொல்லவில்லை, பொறி வைக்கலாமா என்று அவளும் சொல்லவில்லை.

கான்டசாவின் பானெட் லேசுப்பட்டதல்ல. முட்டுக்கொடுக்கும் கம்பி எப்போதோ ஒடிந்துவிட்டது. விடியற்காலையில் அதைத் தோளில் தாங்கிக்கொண்டுதான் ரோட்டர் மூடியின் கிளிப்பை நெம்புவாள். தோள் பிடித்துக்கொண்டது. துணி பிழிந்ததில் வந்தது என்றாள். அவர் தைலம் வாங்கி வந்து வைத்தார்.

அப்புறம் பார்சல்கள் வந்தன. ஒயர்கள், காயில், ஒரு கறுப்புப் பெட்டி. தான் முன்பு வேலை பார்த்த பட்டறைக்குப் போய்ப் பல்சக்கரம் ஒன்று கடைந்து வந்தார். நாளெல்லாம் காருக்கடியில் கிடந்தார். கை வேலையில் இருந்தால் மனசு ரோட்டுக்குப் போகாது என்று அவளும் சந்தோஷப்பட்டாள். மோர்கூடக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இப்போது வெளியே ஓடி வந்தாள்.

தரையில் தினத்தாள். அதன்மேல் அவளுக்குத் தெரிந்த டிஸ்ட்ரிபியூட்டர், பிடுங்கிப் போட்ட பல்லைப் போல. ரோட்டர் உட்காரும் இடமே அதுதான்.

புரிந்துவிட்டது. அந்தக் கறுப்புப் பெட்டியே பொறி கொடுத்துவிடும், இனி ரோட்டரே வேண்டாம். எலிக்கு வேலையே இல்லை.

ஏமாந்துவிட்டாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

கேட்டைச் சாத்தினாள். அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். கார் மூக்கு முழங்காலுக்குப் பக்கத்தில் அதிர்ந்தது.

அவர் கண்ணாடி வழியே பார்த்தார். ஹாரன் அடிக்கவில்லை. குனிந்து இடப்பக்கக் கதவைத் தள்ளித் திறந்தார். அவள் சீட்டுப் பக்கத்துக் கதவு.

"ருக்குமணி, வா. உக்காரு."

அவள் நகரவில்லை.

அவர் கியர் கம்பியிலிருந்து கையை எடுத்து அவளுக்குத் தெரிகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் போய் உட்கார்ந்தாள்.

அவர் தாடையால் காட்டினார். அவள் முழங்காலுக்கு நேரே, டாஷ்போர்டுக்கு அடியில் அந்தக் கறுப்புப் பெட்டி. இன்ஜின் பக்கம் வைக்க வேண்டியதை ஒயரை நீட்டி இங்கே கொண்டுவந்திருந்தார். பெட்டியில் ஒரு சிவப்புப் பிளக். கிளிப் இல்லை, திருகு இல்லை. கையால் இழுத்தாலே போதும்.

"இனிமே பானெட்டத் தூக்க வேண்டாம்" என்றார். "எலிக்குத் தோளு வலிக்குமல்லோ."

அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

கையை நீட்டி இழுத்தாள். பிளக் கையோடு வந்தது. இன்ஜின் அந்த நொடியே நின்றது.

அவர் சாவியைத் திருகினார். இருமியது. மறுபடி திருகினார். இருமியது.

"எலிதான்" என்றார்.

அவள் பிளக்கை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். சூடாக இருந்தது.

"ஆட்டோவ வரச் சொல்லட்டுங்களா?"

"கொஞ்ச நேரம் போகட்டும்."

கேட் சாத்தியே இருந்தது. அவர் ஒரு கை இன்னும் ஸ்டியரிங்கில்தான் இருந்தது.