செருப்பைச் சுற்றிய புல்

மழை விட்ட புழுக்கத்தில் புல் ஒரே ராத்திரியில் கணுக்கால் உயரம் ஏறிவிடுகிறது. இந்த வாரம் மூன்றாவது தடவையாகப் பூவிழி புல்வெட்டும் மெஷினைத் தள்ளினாள். நடுவில் கிடந்த செருப்பு ஜோடியை மட்டும் தொடாமல் சுற்றிப் போனாள். ஐந்து மாதத்துக்கு முன்பு அவள் புருஷன் உதறிவிட்டு, வெறுங்காலோடு கேட்டைத் தாண்டிப் போன செருப்பு அது.

“பாம்பு அடையும்டி. எடுத்து ஓரமாப் போட்டுட்டு வெட்டேன்” என்றாள் மதிலுக்கு அப்பாலிருந்து செல்லக்கிளி அக்கா.

“அவரு விட்ட எடத்துலயே கெடக்கட்டும்க்கா.”

“இப்படி ஒரு பொண்டாட்டி கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்.”

பூவிழி மெஷினைத் திருப்பினாள். அடுத்த சுற்றில், செருப்பை மூடியிருந்த புல்லைக் குச்சியால் விலக்கினாள். இத்தனை நாளும் கேட்டைப் பார்த்துக் கிடந்த செருப்புகள் இப்போது வீட்டைப் பார்த்துக் கிடந்தன. மெஷினை ஓடவிட்டபடியே உள்ளே ஓடினாள். கதவைச் சாத்தி, அவன் போன மறுநாள் அடித்த புதுத் தாழ்ப்பாளையும் சேர்த்துப் போட்டாள்.