குடிக்காத காபி

"என்னங்க, பெரியவர் காபியைக் குடிக்கலை. அப்படியே கீழே வெச்சுட்டாரு!"

சமையலறை வாசலில் நின்று ஹதீல் கிசுகிசுத்தாள். அந்த ஊர் வழக்கப்படி, விருந்தாளி காபியைக் கீழே வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று ராகானுக்குத் தெரியும். சரியென்று வாக்குக் கொடுக்கும்வரை ஒருவரும் கிண்ணத்தைத் தொட மாட்டார்கள். பெரியவர்கள் கூட்டமாக வந்து கேட்டதை மறுத்தவன் அஜ்லூன் ஊரில் தலைநிமிர்ந்து நடந்ததில்லை.

"என்ன கேப்பாங்க?"

"வேற என்ன? வீட்டைக் காலி பண்ணிட்டு ஊரை விட்டே போகச் சொல்லுவாங்க" என்றான் ராகான்.

போன வாரம் தெருமுனை மருந்துக் கடையின் பூட்டை யாரோ உடைத்திருந்தார்கள். பூட்டு என்றாலே தெருவுக்கு ராகான் ஞாபகம்தான். மூன்று முறை சிறைக்குப் போய் வந்தவன். கடைசியாக வெளியே வந்ததும் நகராட்சியின் மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்ந்தான். தெருவிளக்குப் பிரிவில் வேலை, வாரந்தோறும் அலுவலகத்தில் கையெழுத்து என்று இரண்டு வருடமாக ஒழுங்காக இருக்கிறான். "முன்னே மாடி மாடியா ஏறினான், இப்போ கம்பம் கம்பமா ஏறுறான்" என்று தெரு கேலி பேசும். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

ஆனால் ஊரை விட்டுப் போகச் சொன்னால் வேலையும் போகும். அப்புறம் பழைய ராகானாக மாற எத்தனை நாளாகும்? அந்தப் பயம் அவனுக்கே இருந்தது.

கூடத்துக்குள் போனான். பதினோரு பேர். பள்ளிவாசல் இமாம், மருந்துக் கடைக்காரர், நகராட்சி அதிகாரி தய்சீர், இன்னும் யார் யாரோ. நடுவில் துணிக்கடை அபு ஹாஸிம். அவர் நடந்து வந்தால் கடைத்தெருவே எழுந்து வழிவிடும். அவர் கடையில்தான் ராகான் இரண்டு முறை கன்னம் வைத்தான். அப்பேர்ப்பட்ட மனிதர் இந்த இரண்டு அறை வீட்டில், பஞ்சு பிதுங்கிய மெத்தையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ராகானுக்கு மலைப்பாக இருந்தது. தன்னைத் துரத்த ஒரு போலீஸ்காரர் போதாதா?

"காபி ஆறுது பெரியப்பா. குடிங்க."

"கேக்க வந்தது கிடைச்சா குடிக்கிறோம்."

"நானே சொல்லிடறேன். மருந்துக் கடைக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. அல்லாஹ் மேல ஆணை! பிள்ளைங்க பரீட்சை முடியுற வரைக்குமாவது இந்தத் தெருவுல இருக்க விடுங்க."

பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர்கூட நம்பவில்லை என்று ராகானுக்குப் பட்டது.

"தய்சீர் அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. எனக்கு ஜாமீன் நிக்க இந்தத் தெருவுல ஒருத்தரும் வரலை. நீங்கதானே நின்னீங்க?"

"நீ செய்யலைன்னு எனக்குத் தெரியும்ப்பா. இவங்களுக்கும் தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்னைப் போகச் சொல்றீங்க?"

"போகச் சொல்றோம்னு யாருப்பா சொன்னது?" என்றபடி அபு ஹாஸிம் எழுந்தார். உடனே மற்றப் பத்துப் பேரும் எழுந்து நின்றார்கள்.

நீதிபதிகள் முன்னால் ராகான் எத்தனையோ முறை எழுந்து நின்றிருக்கிறான். அவன் முன்னால் இதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை.

தய்சீர்தான் பேசினார். "திருடன் நேத்து பிடிபட்டுட்டான். சின்னப் பையன், முதல் தப்பு. கடைக்காரர் மன்னிச்சுட்டார். நல்ல ஜாமீன் கிடைச்சா சிறை வேணாம், ஒரு வருஷம் நம்ம திட்டத்துல இருக்கட்டும்னு நீதிபதி சொல்லிட்டார். ஆனா இப்போ புது விதிப்படி ஜாமீன் நிக்கிறவர் இதே திட்டத்துல ரெண்டு வருஷம் சுத்தமா இருந்து காட்டினவரா இருக்கணுமாம். இந்த ஊர்ல அப்படி இருக்கிறது நீ ஒருத்தன்தான்."

"நானா? ஜாமீனா?" ராகான் ஓரடி பின்வாங்கினான். "என்னை நம்பி யாரு அண்ணே பிள்ளையைக் குடுப்பாங்க?"

அபு ஹாஸிம் தலைத்துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெறும் தலையோடு அவரை இந்த ஊர் பார்த்ததே இல்லை.

"திருடினது என் மகன் ஹாஸிம்தான்ப்பா" என்றார். "அவனையும் உன்னை மாதிரி ஆக்கிக் குடு."