தார்ப்பாய் எங்கே?

"தார்ப்பாய் எங்கேய்யா?"

மேலாளர் போட்ட சத்தத்தில் சர்க்கரை ஆலையின் சக்கைக் களமே அதிர்ந்தது. காவலாளி மட்டும் அதிரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் உள்பக்கத்தை ஏதோ புதையல் போல ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முந்தின நாள் மாலை பெய்த மழையில், மலை போலக் குவித்திருந்த கரும்புச் சக்கை தொப்பலாக நனைந்து கிடந்தது. அதை மூடியிருக்க வேண்டிய பெரிய தார்ப்பாயைக் காணோம்.

சற்று நேரத்தில் ஆலைத் தலைவி வருகிறார். பிழிந்து போட்ட சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும் புதிய நிலையத்தை அவர்தான் பொத்தானை அழுத்தித் தொடங்கிவைக்க வேண்டும்.

"நனைஞ்சா என்ன? நெருப்பு நெருப்புதானே? உள்ளே தள்ளிக் கொளுத்துங்க!"

கொதிகலனைக் கவனிக்கும் பெண் பொறியாளர் சிவந்த கண்களைத் துடைத்துக்கொண்டார். "கொளுத்திப் பார்த்துட்டேன் சார். புகைதான் வருது, நீராவி ஏறல. இதை வெச்சுக் கொசு விரட்டலாம். டர்பைனைச் சுத்த முடியாது."

மேலாளர் காவலாளியிடம் திரும்பினார். "வித்துட்டே, அதானே? வாயைத் திற!"

காவலாளி வாயைத் திறந்தார். சுற்றிலும் கூடி நின்ற தொழிலாளர்களைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"பார்த்தீங்களா! மடியிலே கனம், அதான் வழியிலே பயம்!"

கேன்டீனில் வேலை பார்க்கும் காவலாளியின் மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். "ஏங்க, எடுக்கலைன்னா எடுக்கலைன்னு சொல்லித் தொலைங்களேன்! வேலை போனா ஆலை குடுத்த வீடும் போயிடும். பிள்ளைங்களை இந்தச் சக்கை மேலயா படுக்க வைக்கிறது? அதுவும் ஈரம்!"

"சும்மா இரு. எதுக்கும் ஒரு நேரம் இருக்கு."

"ஆமா, ஜோசியர் குறிச்சுக் குடுப்பாரு!"

"விழா முடியட்டும், உனக்கு இருக்கு" என்று உறுமிவிட்டு, மேலாளர் பொறியாளரைத் தனியே இழுத்தார். "பின்னாடி டீசல் ஜெனரேட்டர் இருக்கில்ல? அதைப் போடுங்க."

"சார், மேடையிலே 'சொட்டு டீசல் இல்லா மின்சாரம்'னு கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்கோம்."

"எழுதினதைப் படிப்பாங்க. மோந்தா பார்ப்பாங்க?"

தலைவி வந்தார். கூடவே மழையும் வந்தது. ஆனால் பந்தலென்றால் அப்படியொரு பந்தல்! உள்பக்கம் வெள்ளைத் துணி, ஓரத்தில் சுருக்கம் வைத்த தொங்கல், ஒரு சொட்டு ஒழுக வேண்டுமே!

"ஏற்பாடு பிரமாதம்" என்றார் தலைவி.

"எல்லாம் நம்ம மேற்பார்வைதான் மேடம்" என்று மேலாளர் நெளிந்தார்.

தலைவி பொத்தானை அழுத்தினார். விளக்குகள் எரிந்தன. ஒலிபெருக்கி கொர்ரென்று தொண்டையைச் செருமிக்கொண்டு உயிர்பெற்றது. கொதிகலன் கட்டடத்தின் பின்னாலிருந்து டபடபவென்று ஓர் ஓசையும் கிளம்பியது.

"அது என்ன சத்தம்?"

மேலாளர் சட்டென்று மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். "டர்பைன் மேடம். புதுசில்லையா, கொஞ்சம் இருமுது."

"இருமட்டும். டீசல் ஏன் குடிக்குது? நாறுதே!"

முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே வந்துவிட்டது. மேலாளர் அசரவில்லை. மைக்கிலிருந்து கையை எடுத்தார். ஊரறிய முழங்கினார்.

"மன்னிக்கணும் மேடம்! நம்ம காவலாளி தார்ப்பாயைத் திருடி வித்துட்டான். சக்கை பூரா நனைஞ்சு போச்சு. உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் ஜெனரேட்டரைப் போட்டேன். அவனை இந்த நிமிஷமே வேலையை விட்டுத் தூக்கறேன்!"

கடைசி வரிசையில் நின்ற மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அவரைக் கூப்பிடுங்க" என்றார் தலைவி.

காவலாளி தொப்பியோடு மேடையேறினார்.

"தார்ப்பாய் எங்கப்பா?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார். பிறகு மைக்கருகே நின்ற தலைவியை நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க தலைக்கு மேலதான்மா இருக்கு. துணிக்கு மேல அதைத்தான் போட்டிருக்கு. பந்தலுக்கு எடுக்கச் சொல்லி நேத்து சார்தான் போன் பண்ணினார். 'சக்கை நனையுமே சார்'னு கேட்டேன். 'நனைஞ்சா நனையட்டும், சக்கை என்ன கல்யாணப் பொண்ணா, மேக்கப் கலையறதுக்கு'ன்னார். ஆயிரம் வேலையிலே மறந்துட்டார் போலிருக்கு."

தலைவி அண்ணாந்து பார்த்தார். மேலாளரும் பார்த்தார். பார்த்த தலையை அவரால் இறக்க முடியவில்லை.

"இதைக் காலையிலேயே சொல்றதுக்கு என்ன?"

"எப்படிம்மா சொல்றது? தொழிலாளிங்க அத்தனை பேரும் சுத்தி நிக்கிறாங்க. அவங்க காதுல விழுந்தா சாருக்கு எவ்வளவு அசிங்கம்! நாளைக்கு அவர் பேச்சை யாரு மதிப்பா? அதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன். வெளியே தெரிய வேண்டாம்மா."

களத்திலும் கேன்டீனிலும் ஆலை வாசலிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அத்தனையும், "வெளியே தெரிய வேண்டாம்மா" என்று தெள்ளத் தெளிவாகச் சொல்லி முடித்தன.

மேலாளர் ஊற்றிய டீசல், அன்றைக்கு அந்த ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்தது.