கிணற்றடித் துண்டுக்கு ஒரு மனு

"இப்படி ஒரு மனுவ நான் பாத்ததே இல்லண்ணே" என்று சொல்லி, தோட்டத்து மேஸ்திரி பால்பாண்டி சௌரிராஜனின் தோளைத் தட்டினார்.

சௌரிராஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்தவன் நிலத்துண்டைத் தனக்குக் கொடு என்று மனுப் போட்டவனை எந்த மேஸ்திரியாவது தட்டிக்கொடுப்பாரா?

யுத்தம் வந்து அரிசியை அளந்து கொடுக்கிற காலம். பழங்காநத்தத்தில் சும்மா கிடந்த பொட்டலைத் துண்டு துண்டாகப் பிரித்து, காய்கறி போட்டுக்கொள்ள வீட்டுக்கு ஒன்று என்று வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு மாதம் கவனிக்காமல் போட்டால், மனுப் போட்டுக் கேட்கிறவருக்குத் துண்டு கைமாறும்.

சௌரிராஜனின் துண்டு பாதி சுக்கான் கல். அதை ஒட்டி, கிணற்றடியில் இருந்தது சேக் மைதீனின் துண்டு. குச்சியை நட்டால்கூடத் துளிர்க்கிற மண். நூல் வரத்து நின்று அவருடைய நெசவுத் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. வீட்டில் ஐந்து பிள்ளைகள். அந்தத் துண்டும் சேர்ந்து கிடைத்தால் பிள்ளைகள் ராத்திரி பசியோடு படுக்க வேண்டியதில்லை.

மைதீனைக் காணோம். ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, மூன்று மாதம். எங்கே போனார் என்று சௌரிராஜன் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் போய் ஆள் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது?

ஆனால் துண்டு காயவில்லை. அங்கேதான் அவருக்குக் குழப்பம்.

முறைத் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள். தன் துண்டுக்குப் பாய்ச்சிவிட்டு, கீரை பறிக்க மனைவி ராதாமணியை விட்டுவிட்டு, தறிக்கு ஓடிவிடுவார். அடுத்த முறை வந்து பார்த்தால் மைதீனின் தண்டுக்கீரை ஒரு சாண் கூடி நிற்கும். கிணற்றுக் கசிவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கசிவு களையும் எடுக்குமா என்று மனசு கேட்டது. சும்மா கிட என்று அதை ஓர் அதட்டுப் போட்டுவிட்டுத்தான் மனுவைக் கொடுத்தார்.

தொப்பி வைத்த ஒருவர் வேகவேகமாக வரப்பில் வந்தார். மைதீனின் மைத்துனர் அப்துல் அலீம், தகவல் சொல்லி வரவழைத்தேன் என்றார் பால்பாண்டி.

சரி, சண்டைதான் என்று சௌரிராஜன் வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

வந்தவர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான் மவுத்தாகி மூணு மாசமாச்சுண்ணே. எங்க அக்கா சுல்தான் பீவி இத்தா இருக்கு. நாலு மாசம் பத்து நாளைக்குப் படி தாண்டக் கூடாது. நான் மேலூர்ல கெடக்கேன். 'எங்க வீட்டுக்காரர் பாத்துக்கச் சொன்னாரு'ன்னு உங்க வீட்டம்மாதான் கீரையும் கத்திரிக்காயும் கொண்டாந்து குடுத்தாகளாம். அதுலதான் அக்கா பிள்ளைக சாப்பிட்டுச்சுக. உங்கள அல்லாஹ் நல்லா வெப்பான்."

சௌரிராஜனுக்குத் தலை சுற்றியது. மைதீன் இறந்துவிட்டாரா? ஒவ்வொரு நாளும் ஆள் வரவில்லை, வரவில்லை என்று சந்தோஷப்பட்டதெல்லாம் இதற்குத்தானா? யார் யாரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது?

திரும்பிப் பார்த்தார். ராதாமணி குனிந்து கத்தரிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். அது அவர்கள் செடி இல்லை, மைதீனுடையது.

பால்பாண்டி மடியிலிருந்து மனுவை எடுத்துப் பிரித்தார். இந்த மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதா அதைப் படிக்க வேண்டும்? வெட்கத்தில் சௌரிராஜனுக்குக் காது சுட்டது.

பால்பாண்டி ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தார். காலஞ்சென்ற சேக் மைதீனின் துண்டை அவர் மனைவி சுல்தான் பீவியின் பேருக்கு மாற்றித் தரவேண்டியது. அந்த அம்மாள் வெளியே வருகிறவரை அதை நானே பராமரிக்கச் சம்மதம். இப்படிக்கு, சௌரிராஜன்.

சௌரிராஜன் சொன்னது இது இல்லை.

அவருக்குத் தமிழ் பேச வரும். தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதவும் வராது, படிக்கவும் வராது. போன வெள்ளிக்கிழமை அவர் தங்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் சொல்லச் சொல்ல, ராதாமணிதான் தலையை ஆட்டி ஆட்டித் தமிழில் எழுதினாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதி முடித்து, இங்கே ஒரு கையெழுத்து என்று விரலை வைத்துக் காட்டினாள்.

"கையெழுத்து உங்களதுதானண்ணே? ஆமான்னா இன்னைக்கே பேர மாத்திருவேன்" என்றார் பால்பாண்டி.

ராதாமணியின் கை மண்ணிலேயே நின்றுவிட்டது. அவள் திரும்பவில்லை.

என் கையெழுத்து இல்லை என்று சொன்னால் போதும். கிணற்றடித் துண்டு இன்றைக்கே கைக்கு வந்தாலும் வரும். வீட்டில் ஐந்து பேரும் காலையில் கஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சௌரிராஜன் காகிதத்தைக் கையில் வாங்கினார். படிக்கத் தெரிந்தவர் போல முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

"என் கையெழுத்துதான்" என்றார். "அம்புட்டும் நான் சொன்னதுதான்."