துண்டால் தேய்த்த கண்

சொட்டு மருந்து போடுமுன் மீனாள் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

"கைத் தோலு உரிஞ்சிரப் போவுது" என்றார் அவள் கணவர் தங்கமுத்து. கருவிழி மாற்றி இரண்டு மாதமாகியும் அவருக்கு ஒரு படி இரண்டாகத் தெரிந்தது. வெயிலில் கண் கூசியது. "ஒன் கைராசிக்கு எல்லாம் சரியாயிரும்."

மீனாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டாக்டர் கேட்டார்: "பழைய கருவிழி எப்படிக் கெட்டுச்சு?"

"கருதடிக்கையில கண்ணுல நெல்லுச் சுணை விழுந்துச்சுங்க. அழுக்குத் துண்டால தேச்சுப்புட்டேன், கிருமி ஏறிருச்சு. எந் தப்புதாங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். மீனாள் மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் தங்கமுத்து எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் உடைந்து அழுதாள். "எதுக்குங்க பொய் சொன்னீங்க? நீங்க தேய்க்கவே இல்லையே! நாந்தான அந்தச் சுணைய நாக்கால எடுத்தேன்? அதுலதான் கிருமி ஏறுச்சுன்னு நர்ஸம்மா அப்பவே எங்கிட்டச் சொன்னாங்க. ஒங்களுக்குத் தெரியாதுன்னு இத்தன நாளா மறச்சுட்டேன்."

"எங்கிட்டயும்தான் சொன்னாங்க." படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கினார் தங்கமுத்து. "நான் துடிச்சது பொறுக்காமத்தான எடுத்தே? அதப் போயித் தப்புன்னு எழுத விடுவனா?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"கண்ணத் தொடச்சுக்க. தொவச்ச துண்டுதான்."